உரிமமும் நிதியும் ஒரே வாசலில்: பகல்நேரக் குழந்தைக் காப்பகங்களும் உள்ளாட்சி அமைப்புகளும்

முன்னுரை

தமிழ்நாட்டில் பிள்ளை பெற்ற ஒருத்தி மறுபடி வேலைக்குப் போக வேண்டுமானால் அவளுக்கு முதலில் தேவைப்படுவது இன்னொரு பெண்ணின் பகல்பொழுது. அம்மாவோ மாமியாரோ அதைத் தருகிறார்கள். அவர்கள் இல்லாத வீட்டில், பள்ளிக்கூடம் போக வேண்டிய மூத்த மகள் தருகிறாள். அவளும் இல்லையென்றால் தெருவில் நாலைந்து பிள்ளைகளைக் காசுக்குப் பார்த்துக்கொள்ளும் ஒரு பாட்டி தருகிறார். யாரும் கிடைக்காதபோது வேலை நின்றுபோகிறது. நாட்டின் தொழிற்சாலைகளில் பணிபுரியும் பெண்களில் ஐந்தில் இருவருக்கு மேல் இந்த ஒரே மாநிலத்தில் இருக்கிறார்கள். பெண்ணுழைப்பில் இவ்வளவு முன்னே நிற்கும் இடத்தில், கைக்குழந்தையைப் பகலில் நம்பி விட்டுச் செல்ல ஓரிடம் தேடுவது இன்னும் அந்தந்தக் குடும்பத்தின் சொந்தக் கவலையாகவே இருக்கிறது.

பெற்றோர் வேலைக்குச் செல்லும் நேரத்தில் ஆறு மாதம் முதல் ஏறத்தாழ மூன்று வயது வரையிலான குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பகல்நேரக் காப்பகங்களே இக்கட்டுரையின் பொருள். ஆதரவற்ற குழந்தைகள் தங்கி வளரும் இல்லங்கள் வேறு. அவற்றின் சட்டமும் வேறு. பகல்நேரக் காப்பகங்களுக்கு உரிமம் தருவது ஓர் அலுவலகமாகவும், நிதி தருவது இன்னோர் அலுவலகமாகவும், இடம் வைத்திருப்பது மூன்றாவது அலுவலகமாகவும் இருக்கும்வரை அவை பெருகா. இம்மூன்றும் உள்ளாட்சி அமைப்பின் வாசலில் ஒன்றுசேர வேண்டும் என்பதே இங்கே நிறுவ முயலும் கருத்து.

1. பதினெட்டு மாத இடைவெளி

மகப்பேறு நலச் சட்டத்தின் 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பள விடுப்பை உறுதி செய்தது. அதாவது ஆறு மாதம். தமிழ்நாட்டு அங்கன்வாடிகள் இரண்டு வயது நிறைந்த குழந்தையைத்தான் மையத்தில் உட்காரவைக்கின்றன. இடையில் பதினெட்டு மாதங்கள் கிடக்கின்றன. மாநில அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் ஓராண்டு விடுப்பு உண்டு. அவர்களுக்கு இந்த இடைவெளி பன்னிரண்டு மாதங்களாகச் சுருங்குகிறது. முறைசாராத் தொழிலாளிக்கோ விடுப்பு என்ற சொல்லே பொருந்தாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி அவளுக்குக் கிடைக்கிறது. அது பேறுகாலச் செலவுக்கும் ஊட்டத்துக்கும் துணை செய்யும். ஒன்றரை வருடக் கூலியை ஈடு செய்யாது.

இந்தப் பதினெட்டு மாதங்கள்தான் ஒரு குழந்தையின் வாழ்வில் மிகவும் ஆள்தேவை உள்ள காலம். தாய்ப்பாலோடு இணை உணவு தொடங்குவது இப்போது. தவழ்வதும், நடை பழகுவதும், கையில் கிடைத்ததை வாயில் வைப்பதும், முதல் சொற்கள் வருவதும் இப்போது. எடை குறைந்து குழந்தை துவண்டுபோவதும் பெரும்பாலும் இந்த வயதில்தான். அங்கன்வாடியிலிருந்து சத்துமாவுப் பொட்டலம் வீட்டுக்கு வந்துவிடுகிறது. அதைக் காய்ச்சி, ஆறவைத்து, ஒரு நாளில் பல தடவை சிறிது சிறிதாக ஊட்ட ஒருவர் வீட்டில் இருக்க வேண்டுமே. அந்த ஒருவரைப் பற்றித் திட்டம் எதுவும் சொல்வதில்லை.

தமிழ்நாடு இதை அறியாத மாநிலம் அல்ல. 1980-இல் உலக வங்கிக் கடனுடன் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் ஆறு மாதம் முதல் 36 மாதம் வரையிலான குழந்தைகளையே குறிவைத்தது. மாதந்தோறும் எடை பார்த்து, எடை ஏறாத குழந்தைக்குக் கூடுதல் உணவு கொடுத்தது. மூன்று வயதுக்கு முன்னரே கைகொடுக்க வேண்டும் என்ற அறிவு அன்றே இங்கு நிர்வாக நடைமுறையாகியிருந்தது. ஆனால் அது குழந்தையை எடை போடும் திட்டமாக இருந்தது. பகல் முழுவதும் பார்த்துக்கொள்ளும் திட்டமாக இருக்கவில்லை.

இரண்டு வயதுக்குப் பிறகும் சிக்கல் தீர்ந்துவிடுவதில்லை. மாநிலத்தில் 54,439 அங்கன்வாடி மையங்கள் உள்ளன. பெரிய வலைப்பின்னல்தான். ஆயினும் அவை பிற்பகலில் மூடப்படுகின்றன. பின்னலாடைப் பட்டறையின் ஷிப்டோ இருட்டிய பிறகுதான் முடிகிறது.

2. வேலைத்தலச் சட்டங்களும் அவற்றின் எல்லையும்

இந்தியச் சட்டங்கள் காப்பகத்தை முதலாளியின் கடமையாகத்தான் முதலில் கண்டன. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் பெண்கள் மிகுதியாக வேலை செய்யும் ஆலைகளில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அறை ஒதுக்கச் சொன்னது. தொடக்கத்தில் 50 என்றிருந்த எல்லை 1976-இல் 30 பெண்கள் எனக் குறைக்கப்பட்டது. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் பெண் தொழிலாளர்களின் எண்ணிக்கையோடு அவர்களுடைய பிள்ளைகளின் எண்ணிக்கையையும் கணக்கில் கொண்டது: 50 பெண்கள் இருந்தாலும் காப்பகம் வேண்டும், 20 பிள்ளைகள் இருந்தாலும் வேண்டும். கட்டுமானத் தொழிலாளர்களுக்கான 1996-ஆம் ஆண்டுச் சட்டம் 50 பெண்களுக்கு மேல் பணிபுரியும் தலங்களைச் சேர்த்தது. 2017-இன் மகப்பேறுத் திருத்தம் ஒரு படி மேலே சென்றது. ஆண் பெண் என்று பிரிக்காமல் 50 பணியாளர்கள் உள்ள நிறுவனம் காப்பகம் அமைக்க வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை சென்று குழந்தையைப் பார்க்க அனுமதிக்க வேண்டும் என்றது.

பெண்களை மட்டும் எண்ணும் சட்டம் ஒரு தீங்கையும் உடன் கொண்டுவந்தது. 30 பெண்கள் சேர்ந்தால் செலவு வரும் என்று தெரிந்த முதலாளி 29-உடன் நிறுத்திக்கொள்ள அது வழிவிட்டது. ஆண்களையும் எண்ணத் தொடங்கிய 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் உண்மையான சிறப்பு, குழந்தை தாய்க்கு மட்டும் உரிய பொறுப்பு அல்ல என்பதைச் சட்டமொழியில் எழுதியதுதான்.

தோட்டங்களைச் சற்று நின்று பார்க்க வேண்டும். வால்பாறையிலும் நீலகிரியிலும், கடல் கடந்து இலங்கை மலையகத்திலும், கொழுந்து பறிக்கும் பெண்கள் காலையில் பிள்ளையை விட்டுவிட்டு மலையேறும் காட்சி தலைமுறைகளாக நடந்துவருவது. மலையகத் தமிழர் பிள்ளைக் காம்பிரா என்று வழங்கும் அந்த அறை, தமிழ் உழைக்கும் பெண்கள் அறிந்த மிகப் பழைய காப்பக வடிவங்களில் ஒன்று. அதன் தரம் பல இடங்களில் வருந்தத்தக்கதாக இருந்தது. ஆனாலும் வேலை, வீடு, காப்பகம் மூன்றும் ஒரே நிர்வாகத்தின் எல்லைக்குள் இருந்ததால் அது நிலைத்தது. கங்காணியும் துரையும் பிள்ளைகள்மீது கொண்ட பரிவால் அன்று. தாயின் கை கொழுந்துக்கு வேண்டியிருந்தது.

அந்த எல்லைக்கு வெளியே வந்தால் சட்டத்தின் பிடி தளர்கிறது. தென்காசியிலும் திருநெல்வேலியிலும் குடியாத்தத்திலும் பீடி சுற்றும் பெண்ணின் வேலைத்தலம் அவளுடைய வீட்டுத் திண்ணை. சிவகாசியைச் சுற்றியுள்ள ஊர்களில் தீப்பெட்டி ஒட்டுபவளுக்கும் அப்படியே. திருப்பூரில் பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் பட்டறைகள் ஏராளம். எந்தச் சட்டத்தின் எண்ணிக்கையையும் அவை தொடுவதில்லை. வீட்டுவேலை செய்பவள், பூக்கட்டி விற்பவள், மீன்கூடை சுமப்பவள், வயலில் நாற்று நடுபவள் ஆகியோருக்குச் சட்டம் சுட்டக்கூடிய முதலாளியே இல்லை. எண்ணிக்கையில் பெரும்பான்மையோர் இவர்களே. முதலாளி வழியாக மட்டும் காப்பகம் கொடுப்போம் என்ற கொள்கை இவர்களை வாசலுக்கு வெளியே நிறுத்திவிடுகிறது.

2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் இதற்கு ஒரு விதிவிலக்கு. நூறு நாள் வேலைத்தலத்தில் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட சிறு பிள்ளைகள் இருந்தால், ஒரு பெண்ணை அவர்களைப் பார்த்துக்கொள்ள அமர்த்தி அவளுக்கும் கூலி தர வேண்டும் என்றது. ஊராட்சி நடத்தும் பணியில், ஊராட்சியே தரும் குழந்தைப் பராமரிப்பு. கருத்தளவில் இது பெரிய பாய்ச்சல். நடைமுறையில் ஒரு மரநிழலும் ஒரு மூத்த பெண்ணும் என்ற அளவோடு நின்றது. அந்தப் பெண்ணுக்குப் பயிற்சியும் இல்லை, பிள்ளைகளுக்கு ஓர் அறையும் இல்லை.

3. நலத்திட்டமாக வந்த காப்பகம்

1969-இல் டெல்லியில் காந்தி நூற்றாண்டுக்கான கட்டுமானத் தலத்தில், வெயிலில் கிடந்த தொழிலாளர் குழந்தைகளைக் கண்டு மீரா மகாதேவன் ஒரு கூடாரத்தில் தொடங்கியது மொபைல் கிரெச்சஸ் அமைப்பு. கட்டடம் எழும் இடத்துக்கெல்லாம் காப்பகமும் இடம்பெயரும் என்பது அதன் முறை. மீனா சுவாமிநாதன் தலைமையில் அமைந்த மத்தியக் கல்வி ஆலோசனைக் குழுவின் ஆய்வுக்குழு 1972-இல் பள்ளிமுன் பருவக் குழந்தைகளைப் பற்றி அளித்த அறிக்கை, 1975 அக்டோபர் 2-இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் பிறக்க வழிவகுத்தவற்றுள் ஒன்று. உணவு, உடல்நலம், விளையாட்டு வழிக் கல்வி மூன்றையும் பிரிக்கக் கூடாது என்பது அந்தச் சிந்தனை மரபின் அடிப்படை. இருந்தும் உருவான திட்டத்தில் பகல் முழுவதற்குமான பராமரிப்பு இடம்பெறவில்லை. அது தனித் திட்டமாக, மிகக் குறைந்த நிதியோடு ஓரத்தில் நடந்தது.

அந்தத் தனித் திட்டத்தின் வரலாறு நமக்கு மிகவும் பயன்படும் பாடம். 2006-இல் ராஜீவ் காந்தி தேசியக் காப்பகத் திட்டம் என்ற பெயரில் முந்தைய திட்டங்கள் ஒன்றாக்கப்பட்டன. மத்திய சமூக நல வாரியம், இந்தியக் குழந்தைகள் நலக் குழு போன்றவற்றின் வழியாகத் தொண்டு நிறுவனங்கள் காப்பகங்களை நடத்தின. செலவில் பெரும்பங்கு மத்திய அரசுடையது. 2017 ஜனவரியில் திட்டம் மாற்றப்பட்டு மத்திய அரசு 60, மாநிலம் 30, தொண்டு நிறுவனம் 10 என்ற பங்கீடு வந்தது. அதுவரை இதில் பொறுப்பேற்றிராத மாநிலங்கள் தங்கள் பங்கைத் தரத் தயங்கின. 20,000-க்கும் மேல் இயங்கிவந்த காப்பகங்கள் சில ஆண்டுகளுக்குள் 7,000-க்கும் கீழே சுருங்கின. ஒரு காகிதத்தில் பங்கீடு மாறியதால் பல்லாயிரம் வாசல்கள் அடைபட்டன. அந்த வாசல்களைத் திறந்துவைத்திருக்கும் கடமை எந்த உள்ளூர் அமைப்புக்கும் சட்டப்படி இல்லை என்பதால் கேட்பாரும் இல்லை.

அந்த 2017-ஆம் ஆண்டுத் திட்டத்தில் 25 குழந்தைகளைக் கொண்ட ஒரு காப்பகம் நாளுக்கு ஏழரை மணி நேரம், மாதத்துக்கு 26 நாள் இயங்க வேண்டும். பணியாளருக்கு மாத மதிப்பூதியம் 3,000 ரூபாய், உதவியாளருக்கு 1,500 ரூபாய். இருவருக்கும் சேர்த்து ஒரு குழந்தைக்கு மாதம் 180 ரூபாய் வருகிறது. நாளுக்கு ஏழு ரூபாய். ஒரு குழந்தையின் பகலுக்கு இந்த நாடு வைத்த விலை அது. இவ்வளவு குறைந்த ஊதியத்தில் பயிற்சி பெற்ற பெண் நிலைத்திருப்பாள் என்று எதிர்பார்ப்பது அவளுக்கும் அநீதி, குழந்தைக்கும் அநீதி.

2022 முதல் மிஷன் சக்தியின் கீழ் பால்னா என்ற பெயரில் திட்டம் மறுபடி வடிவம் பெற்றிருக்கிறது. மதிப்பூதியம் உயர்ந்திருக்கிறது. அங்கன்வாடியோடு காப்பகத்தை இணைத்து 17,000 மையங்கள் அமைப்பது இலக்கு. திசை சரியானது, இலக்கு, நாட்டில் உள்ள பதினான்கு இலட்சம் அளவிலான அங்கன்வாடிகளின் முன் மிகச் சிறியது.

4. உரிமம் எதற்காக, யாரிடமிருந்து

2004 ஜூலை 16-இல் கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்திலிருந்து கீற்றுக்கூரைக்குத் தாவிய தீ 94 குழந்தைகளைக் கொன்றது. குழந்தைகள் கூடும் கட்டடத்துக்கு உரிமம் ஏன் வேண்டும் என்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வெளியேறும் வழி, கூரை, அடுப்பு இருக்கும் இடம் என்பவை எல்லாம் உயிர்ச் செய்திகள். அந்த நெருப்புக்குப் பின்னர் பள்ளிக் கட்டடங்களுக்கான சான்றுகள் கடுமையாகின; கடுமையாக வேண்டியதும்தான்.

ஆனால் ஒரு பெண் தன் வீட்டு முன்னறையில் ஐந்து கைக்குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளத் தொடங்கினால் அவளுக்கு உரிமம் தர வேண்டியவர் யார்? மழலைப் பள்ளிகளுக்கான 2015-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகள் கல்வித் துறையின் கையில் உள்ளன. 2015-இன் இளைஞர் நீதிச் சட்டம் குழந்தைகள் தங்கும் இல்லங்களைப் பதிவு செய்கிறது. தொழிற்சாலைக் காப்பகத்தைத் தொழிலகப் பாதுகாப்புத் துறை பார்க்கிறது. நலத்திட்டக் காப்பகத்தைச் சமூக நலத் துறை பார்க்கிறது. கட்டடத்தையும் கழிவறையையும் உள்ளாட்சி பார்க்கிறது. கைக்குழந்தையின் பகல்நேரப் பராமரிப்பை முதன்மைப் பொருளாகக் கொண்டு எழுதப்பட்டது இவற்றில் எதுவுமில்லை. முறைப்படி நடத்த விரும்புபவர் கட்டட உறுதிச் சான்றுக்குப் பொறியாளரிடமும், கட்டட உரிமத்துக்கு வட்டாட்சியரிடமும், சுகாதாரச் சான்றுக்கு நலவாழ்வு அலுவலரிடமும், தடையின்மைச் சான்றுக்குத் தீயணைப்புத் துறையிடமும் போய்வர வேண்டியிருக்கிறது. இத்தனை படிகளையும் ஏறி முடிக்கப் பணமும் செல்வாக்கும் உள்ளவர் வசதியான குடும்பங்களுக்கான காப்பகத்தைத்தான் திறப்பார். பட்டறைத் தொழிலாளியின் பிள்ளை, பெயர்ப்பலகை இல்லாத வீட்டில்தான் இருக்கும்.

உரிமத்தைத் தளர்த்துவது இதற்கு மருந்து ஆகாது. எதைப் பார்க்க வேண்டுமோ அதை உரிமம் பார்க்க வேண்டும். இந்திய வழிகாட்டு நெறிகள் மூன்று வயதுக்குட்பட்ட பத்துக் குழந்தைகளுக்கு ஒரு பணியாளர் என்று கொள்கின்றன. நடக்கத் தெரியாத பத்துக் குழந்தைகளை ஆபத்து நேரத்தில் ஒருத்தி எப்படி வெளியே கொண்டுவருவாள்? அவளுக்கு இருப்பது இரண்டு கைகள். ஒரு வயதுக்குட்பட்டோருக்கு இந்த விகிதம் ஏற்கத்தக்கது அன்று என்பது என் உறுதியான கருத்து. இன்னொரு பக்கம், ஐந்து குழந்தைகள் உள்ள வீட்டுக் காப்பகத்திடம் பள்ளிக்கூடத்துக்குரிய மைதானத்தைக் கேட்பது பொருளற்றது. அங்கே பார்க்க வேண்டியவை வேறு: பாலும் மருந்தும் வைக்கும் இடம், மூடிய கிணறும் தண்ணீர்த் தொட்டியும், மின்செருகிகள் இருக்கும் உயரம், வீட்டில் வசிக்கும் அனைவரையும் பற்றிய காவல்துறைச் சரிபார்ப்பு, பெற்றோர் சொல்லாமல் வந்தாலும் திறக்கும் கதவு.

5. யோகோஹாமாவின் மூன்றாண்டுகள்

உரிமமும் உள்ளாட்சியும் ஒன்றுசேர்ந்தால் என்ன நடக்கும் என்று பார்க்க ஜப்பான் பொருத்தமான களம். 1947-ஆம் ஆண்டின் குழந்தைகள் நலச் சட்டம், பெற்றோர் பார்த்துக்கொள்ள இயலாத குழந்தைக்குப் பராமரிப்பு அளிப்பதை நகராட்சியின் கடமையாக்கியது. உரிமம் பெற்ற காப்பகத்தில் சேர விரும்பும் பெற்றோர் விண்ணப்பிப்பது நகராட்சியிடம்; வருமானத்துக்கேற்பக் கட்டணம் வகுப்பதும் நகராட்சி. ஒரு வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஒரு பணியாளர், ஒன்று இரண்டு வயதுக் குழந்தைகள் ஆறு பேருக்கு ஒருவர் என்ற விகிதம் நாடு முழுவதற்கும் உரியது.

தரம் உயர்ந்திருந்தது, இடங்கள் போதவில்லை. தகுதி இருந்தும் இடம் கிடைக்காமல் காத்திருக்கும் குழந்தைகளை ஒவ்வொரு நகராட்சியும் ஆண்டுதோறும் எண்ணி வெளியிட்டது. 2010-இல் யோகோஹாமா நகரில் 1,552 குழந்தைகள் காத்திருந்தார்கள். நாட்டிலேயே மிக மோசமான எண்ணிக்கை. 2009-இல் மேயரான ஹயாஷி ஃபுமிகோ இதையே தன் முதன்மைப் பணியாக்கினார். உரிமம் பெற்ற காப்பகங்களை நிறுவனங்களும் நடத்தலாம் என்று தேசிய அரசு 2000-இலேயே அனுமதித்திருந்தும் பல நகரங்கள் தயங்கின. யோகோஹாமா அந்த நிறுவனங்களை அழைத்தது. ஒவ்வொரு வட்ட அலுவலகத்திலும் பெற்றோருக்கு வழிகாட்டும் ஆலோசகர் அமர்த்தப்பட்டார். எந்தக் காப்பகத்தில் எந்த வயதுக்கு இடமிருக்கிறது, யாருக்கு எது பொருந்தும் என்று குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுவது அவர் வேலை. 2013 ஏப்ரலில் காத்திருப்போர் எண்ணிக்கை சுழியம் என்று நகரம் அறிவித்தது.

அந்தச் சுழியம் முழு உண்மை அன்று. விடுப்பை நீட்டித்துக்கொண்டவர்கள், குறிப்பிட்ட ஒரு காப்பகத்துக்காகக் காத்திருந்தவர்கள் போன்றோர் கணக்கில் வரவில்லை என்ற விமர்சனம் எழுந்தது. அது நியாயமான விமர்சனம். இடம் கிடைக்கிறது என்று தெரிந்ததும் புதிதாக விண்ணப்பிப்போரும் கூடினார்கள். இருந்தாலும் ஆயிரக்கணக்கான புதிய இடங்கள் உண்மையில் உருவாயின. எண்ணி வெளியிட வேண்டிய கட்டாயம் இருந்ததால்தான் அந்த நகரம் வெட்கப்பட்டது, வெட்கப்பட்டதால்தான் செயல்பட்டது.

நமக்கு இன்னும் நெருக்கமானது 2015-இல் வந்த புதிய முறை. ஐந்து குழந்தைகள் வரையிலான வீட்டுக் காப்பகம், 6 முதல் 19 குழந்தைகள் வரையிலான சிறு காப்பகம் ஆகிய வகைகள் பெரும்பாலும் மூன்று வயதுக்குட்பட்டோருக்காகவே உருவாக்கப்பட்டன. இவற்றுக்கு உரிமம் தருவது நகராட்சி. நிதி தருவதும் நகராட்சி வழியாகவே. அடுக்ககத்தின் ஒரு வீடு, கடைத்தெருவின் ஒரு மாடி என்று இடங்கள் பிறந்தன. 2017-இல் நாடு முழுவதும் 26,081 ஆக இருந்த காத்திருப்போர் எண்ணிக்கை 2023-இல் 2,680 ஆனது. பிறப்பு குறைந்துபோனதும் இதற்கு ஒரு காரணம்.

குறைகளும் உண்டு. பணியாளர் ஊதியம் மற்றத் துறைகளைவிடத் தாழ்ந்து கிடந்ததால் கட்டடம் இருந்தும் ஆளின்றி இடங்கள் திறக்கப்படவில்லை. குழந்தைகளின் சத்தம் பிடிக்காத அக்கம்பக்கத்தார் சில இடங்களில் காப்பகத்தை எதிர்த்தார்கள்; டோக்கியோ 2015-இல் சிறு குழந்தைகளின் குரலை இரைச்சல் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கி விதியைத் திருத்த வேண்டியதாயிற்று. நான்கு, ஐந்து வயதினர் 30 பேருக்கு ஒரு பணியாளர் என்ற பழைய விகிதம் 25 ஆகக் குறைய 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த வழுக்களையும் சேர்த்துத்தான் அந்த அனுபவத்தை நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

6. நம் உள்ளாட்சிகளின் கையில் இருப்பவை

அரசமைப்பின் 73-ஆவது திருத்தம் ஊராட்சிகளுக்குரிய 29 பொருள்களைப் பதினொன்றாம் அட்டவணையில் பட்டியலிட்டது. 25-ஆவது பொருள், மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாடு. நகரங்களுக்கான 74-ஆவது திருத்தத்தின் பன்னிரண்டாம் அட்டவணையில் 18 பொருள்கள் உள்ளன. பூங்கா உண்டு, மயானம் உண்டு, கால்நடைப் பட்டியும் இறைச்சிக் கூடமும் உண்டு. குழந்தைகள் மேம்பாடு இல்லை. கூட்டுக்குடும்பம் கலைந்து, ஊர்விட்டு வந்த இளம் தம்பதிகள் ஒற்றை அறையில் வாழும் நகரத்தில்தான் காப்பகம் மிகுதியாகத் தேவை. அங்கேதான் சட்டம் வாய்மூடி நிற்கிறது. நலிந்த பிரிவினரின் நலம், நகர்ப்புற வறுமை ஒழிப்பு ஆகிய பொருள்களின் கீழ் நகராட்சி செயல்பட முடியும் என்பது உண்மை. எனினும் மாநிலச் சட்டத்தில் வெளிப்படையாக எழுதப்படாத கடமைக்கு வரவு செலவுத் திட்டத்தில் தலைப்பு பிறக்காது.

கர்நாடகம் 2023-24 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்த கூசின மனே திட்டம், 4,000 கிராம ஊராட்சிகளில் காப்பகம் அமைக்கும் நோக்குடையது. இடம் தருவது ஊராட்சி. பராமரிப்பவர்கள் ஊரக வேலைத் திட்டத்தில் பதிவுசெய்த உள்ளூர்ப் பெண்கள், பயிற்சி பெற்றுச் சுழற்சி முறையில் பணிபுரிபவர்கள். சுழற்சி முறை கைக்குழந்தைக்கு நல்லதல்ல. பழகிய முகம் மாறிக்கொண்டே இருந்தால் குழந்தை தேறாது. ஆயினும் ஓர் இந்திய மாநிலம் காப்பகத்தை ஊராட்சியின் வேலையாக ஒப்புக்கொண்டது இதன் மதிப்பு.

தமிழ்நாட்டிலோ வேண்டியவை பலவும் ஏற்கெனவே சிதறிக் கிடக்கின்றன. மகளிர் குழுக் கட்டடங்கள், சமுதாயக் கூடங்கள், மாணவர் குறைந்த தொடக்கப் பள்ளிகளில் காலி அறைகள் உள்ளாட்சிகளின் வசம் உள்ளன. 2022-இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், சுயஉதவிக் குழுப் பெண்களைக் கொண்டு அன்றாடப் பணியொன்றை நேரம் தவறாமல் நடத்த முடியும் என்று காட்டியது. நகரங்களில் பிறப்புப் பதிவேடு உள்ளாட்சியிடமே இருக்கிறது. அடுத்த ஆண்டு எந்த வார்டில் எத்தனை குழந்தைகள் ஆறு மாதத்தைத் தாண்டுவார்கள் என்பதை இன்றே அது சொல்ல முடியும்.

பணத்துக்கும் வழியுண்டு. 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் சொத்துவரியோடு நூலக வரி திரட்ட வகைசெய்தது; தமிழ்நாட்டின் நூலகங்கள் பெருகியது அந்தச் சிறு வரியால். ஒரு நற்காரியத்துக்கென்று தனி வரி செலுத்தும் பழக்கம் நம் மக்களுக்கு முக்கால் நூற்றாண்டாக உண்டு. கட்டட அனுமதியின்போது கட்டுமானச் செலவில் ஒரு சதவீதம் தொழிலாளர் நலத்துக்காகப் பிடிக்கப்படுகிறது. அந்தக் கட்டடத்தை எழுப்பும் பெண்ணின் குழந்தைக்கு அதில் ஒரு பங்கு சேர்வது இயல்பான நீதி. இன்னொன்று, பலர் கவனிக்காதது: 2020-இன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 50 பணியாளர் கொண்ட நிறுவனங்கள் தனியாகக் காப்பகம் அமைக்காமல் நகராட்சி நடத்தும் பொதுக் காப்பகத்தையோ, பல நிறுவனங்கள் கூடி நடத்துவதையோ பயன்படுத்திக்கொள்ளலாம் என்கிறது. நகராட்சி என்ற பெயர் அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. திருப்பூர் மாநகராட்சி பட்டறைகளுக்கு நடுவே காப்பகங்களைத் திறந்தால், பெரிய நிறுவனங்கள் தலைக்கு இவ்வளவு என்று கட்ட, அதே இடத்தில் சிறு பட்டறைத் தொழிலாளியின் பிள்ளைக்கும் இடம் கிடைக்கும்.

7. செய்யத்தக்கது

மாநிலச் சட்டப்பேரவை பகல்நேரக் காப்பகங்களுக்கென்று ஒரு தனிச் சட்டம் இயற்ற வேண்டும். அதில் முதல் வரி தரம் பற்றியதாக இருக்கக் கூடாது. கடமை பற்றியதாக இருக்க வேண்டும். ஒவ்வோர் உள்ளாட்சியும் தன் எல்லையில் காப்பகம் தேவைப்படும் குழந்தைகளை ஆண்டுதோறும் எண்ணி, இடம் கிடைக்காதோர் பட்டியலை வெளியிட வேண்டும். அதன் பின்னரே உரிமம். ஐந்து குழந்தைகள் வரை எளிய பதிவும் நேரடி ஆய்வும் போதும். இருபதுக்குள் இருந்தால் நகராட்சி உரிமம். அதற்கு மேல் முழுச் சான்றுகள். சான்றுகளுக்காக நடத்துபவர் அலையாமல், உள்ளாட்சியே பொறியாளரையும் நலவாழ்வு அலுவலரையும் தீயணைப்பு அலுவலரையும் ஒரே நாளில் அந்த வாசலுக்கு அனுப்ப வேண்டும். தேர்ச்சி பெறாத இடத்தை மூடுவதற்கு முன், கைப்பிடியும் தீயணைப்பானும் கம்பிக்கதவும் பொருத்தச் சிறு மானியம் தர வேண்டும். தெருவில் நான்கு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பாட்டியை இந்தச் சட்டம் குற்றவாளியாக்கக் கூடாது. அவருக்குப் பயிற்சியும் முதலுதவிப் பெட்டியும் மாத ஊதியமும் கொடுத்து உள்ளே அழைத்துக்கொள்ள வேண்டும்.

தனியாருக்கு இடம் உண்டா என்ற கேள்வி வரும். உண்டு, ஆனால் பொதுப் பணம் பெறும் காப்பகத்தில் பணியாளர் ஊதியத்துக்கு அடிமட்ட வரம்பு எழுதப்பட வேண்டும். ஊதியத்தில் மிச்சம் பிடிக்கும் காப்பகம் குழந்தையிடமிருந்தே பிடிக்கிறது. ஒரு வயதுக்குட்பட்டோருக்கு மூவருக்கு ஒருவர் என்ற விகிதம் இன்று நமக்கு எட்டாது என்றால் ஐவருக்கு ஒருவர் என்று தொடங்கலாம். பத்து என்பதை ஏற்க வேண்டாம்.

தமிழ்நாட்டு உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு உரியவை. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. நகரங்களில் பகுதி சபாக்கள் உள்ளன. இதைப் படிப்பவர்கள் அடுத்த கூட்டத்தில் எழுந்து, நம் வார்டில் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை பேர், அவர்களுடைய தாய்மார்களில் வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர், பகலில் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.